துடைக்காத தூசிக்கும் விலை உண்டு: அமெரிக்க வால்துடுப்புக் கார்களைக் காப்பது ஏன் இவ்வளவு சிக்கல்?

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியர்ஸ் என்னும் சிற்றூரில் ஓர் ஏலம் நடந்தது. எப்போதோ மூடப்பட்ட ஒரு செவர்லே விற்பனை நிலையத்தின் வசம் கிடந்த ஏறத்தாழ 500 வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் யாரும் வாங்காமல் நின்றுபோன புது வண்டிகளும் இருந்தன. 1958-ஆம் ஆண்டின் கேமியோ பிக்கப் ஒன்றின் மீட்டர் 1.3 மைல் மட்டுமே காட்டியது. கட்டடத்தின் கூரை சரிந்து விழுந்ததில் அதன் உச்சி நசுங்கியிருந்தது. கழுவப்படாமல், தட்டி எடுக்கப்படாமல், அப்படியே 1,40,000 டாலருக்கு அது விலைபோனது.

நசுங்கிய வண்டிக்கு இவ்வளவு பணமா என்று செய்தியைப் படித்த பலரும் குழம்பினார்கள். பழைய கார் என்றாலே பளபளவென்று மெருகேற்றி ஊர்வலத்தில் நிறுத்துவதுதான் என்று பழகியவர்களுக்கு இது விளங்காதது இயல்பே. விளங்க வேண்டுமானால், பின்புறத்தின் இருபக்கமும் மீன் துடுப்புபோல் தகடு உயர்ந்து நிற்கும் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் எதற்காக அப்படிச் செய்யப்பட்டன, எதனால் அழிகின்றன, காப்பது என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

துடுப்பு வந்த வழி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாக்ஹீட் நிறுவனத்தின் பி-38 லைட்னிங் போர் விமானத்தை ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புப் பிரிவின் தலைவர் ஹார்லி எர்ல் தம் குழுவினருடன் சென்று பார்த்தார். இரட்டை வால் கொண்ட அந்த விமானத்தின் சாயல் ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுக் காரான காடிலாக்கின் 1948-ஆம் ஆண்டு மாடலின் பின்பகுதியில் வந்து சேர்ந்தது. முதலில் அது ஒரு சிறிய மேடுதான். பின்புற மட்கார்டு முனையில் எழும்பி, சிவப்பு விளக்கைத் தாங்கி நின்றது. இடப்பக்க விளக்கைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் மூடி இருக்கும். வாங்கியவர்கள் அந்த மறைவிடத்தை அண்டை வீட்டாருக்குக் காட்டி மகிழ்ந்தார்கள்.

1957-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வெர்ஜில் எக்ஸ்னர் துடுப்பை வண்டியின் முழு உருவத்தோடும் இணைத்தார். தாழ்ந்த கூரை, முன்னோக்கிச் சாய்ந்த உடல், பின்னால் உயர்ந்து செல்லும் கூரிய கோடு. அந்த வண்டிகள் வெளிவருவதற்கு முன்பே, 1956 ஆகஸ்டில், ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் கிரைஸ்லர் ஆலையின் வேலிக்கு அப்பால் வரிசையாக நின்ற அந்நிறுவனத்தின் புது பிளிமத் வண்டிகளைப் பார்த்துவிட்டார். தங்கள் மேசையில் இருந்த 1959-ஆம் ஆண்டுக்கான வரைபடங்கள் அவற்றின் முன் கனத்துத் தெரிந்தன. எல்லாம் புதிதாக வரையப்பட்டன. அந்தப் போட்டியின் உச்சம்தான் 1959 காடிலாக்: சுமார் 5.7 மீட்டர் நீளம், 6.4 லிட்டர் வி-8 எஞ்சின், ஒவ்வொரு துடுப்பிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள். அதன்பின் ஆண்டுதோறும் துடுப்பு குறுகி, 1965 மாடலில் காடிலாக்கிலிருந்தும் மறைந்தது. இத்தாலிய ஃபியட் 1100 வழியாக நம் தெருக்களுக்கு வந்த பிரீமியர் பத்மினியின் பின்புற மட்கார்டில் தெரியும் மெல்லிய விளிம்பும் அந்த அலையின் கடைசித் துளிதான்.

வண்டி நிலையாக ஓடத் துடுப்பு உதவுகிறது என்று எக்ஸ்னர் சொன்னார். சாதாரண வேகத்தில் ஓட்டுபவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. துடுப்பின் உண்மையான வேலை விற்பனைக் கூடத்தில் இருந்தது. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினால் சென்ற ஆண்டு வண்டி பழையதாகத் தெரியும், உரிமையாளர் அதை மாற்றிப் புதிது வாங்குவார் என்ற கொள்கையை ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-களிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். எர்ல் அதற்கு உருவம் கொடுத்தார்.

இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். இரண்டு மூன்று ஆண்டுகளில் கைமாறி, பத்து ஆண்டுகளில் காயலான் கடைக்குப் போகட்டும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட பொருளை, அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். பாதுகாப்பாளர் சந்திக்கும் ஒவ்வொரு தொல்லையும் இந்த முரணிலிருந்து பிறக்கிறது.

எவை, எப்படி அழிகின்றன

1. தகடு. அன்றைய உடல்தகடு கனமானது, ஆனால் துத்தநாகப் பூச்சு இல்லாதது. வடிவத்துக்காக மடித்து மடித்து ஒட்டியதால் உள்ளே ஈரமும் சேறும் தங்கும் பைகள் உருவாயின. 1957 பிளிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு விளக்குக்கு மேலே மட்கார்டு புருவம்போல் நீண்டிருக்கும். சக்கரம் வாரி இறைக்கும் சேறு அந்தப் புருவத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, வெளியே பெயின்ட் மின்னிக்கொண்டிருக்கும்போதே தகட்டை உள்ளிருந்து தின்னும். ஒருநாள் பெயின்ட்டில் சிறு கொப்புளம் தெரியும். விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். போட்டியாளரை முந்தும் அவசரத்தில் கிரைஸ்லர் அந்த ஆண்டு வண்டிகளைப் போதிய சோதனையின்றி வெளியிட்டது. அழகில் ஈடில்லாத அவை துருவில் முதலிடம் பிடித்ததற்குக் காரணம் அதுவே.

2. குரோம். பம்பர் எஃகு, அதைக் காப்பது ஓரளவு எளிது. உண்மையான தலைவலி சின்னச் சின்ன அணிகள்: விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, பானெட் நுனியின் சின்னம். இவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. மேலே செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம். காலப்போக்கில் முலாமின் நுண்துளை வழியே ஈரம் இறங்கி, அடியிலுள்ள கலவை அரித்து, அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுகின்றன. சரிசெய்பவர் முதலில் முலாம் முழுவதையும் கரைத்து எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குழியையும் நுண்ணிய முனையால் துளைத்து அரிப்பை நீக்கி, ஈயப்பற்று அல்லது செம்பால் நிரப்பி, தேய்த்துச் சமன்செய்து, மூன்று அடுக்கு முலாமையும் மறுபடி ஏற்ற வேண்டும். தேய்ப்பது சற்றுக் கூடினால் சின்னத்தின் கூர்மையான விளிம்பு மழுங்கிப்போகும். அதை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அணிக்கு நாள்கணக்கில் வேலை பிடிக்கும்.

3. ரப்பர், துணி, கம்பி. கதவு ரப்பர் கல்லாகிறது. துணியுறை போட்ட மின்கம்பிகள் உதிர்கின்றன. அவற்றை விட்டுவைப்பது தீ விபத்தை வரவழைப்பது. அந்தக் காலத்து அச்சுகளைக் கொண்டு டயர்களைப் புதிதாக வார்த்துத் தரும் நிறுவனங்கள் இருப்பதால் டயருக்குக் கவலை இல்லை.

4. எஞ்சின். இது பலரும் நினைப்பதைவிடச் சிறிய சிக்கல். 1955-இல் வந்த செவர்லே வி-8-க்கு இன்றும் கடையில் உதிரிபாகம் கிடைக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் உறுப்புகளையும் கெடுக்கும்; குழாய்களை மாற்ற வேண்டும். இன்றைய எஞ்சின் ஆயிலில் துத்தநாகச் சேர்மம் குறைக்கப்பட்டுவிட்டதால் எஞ்சின் வால்வுகளை இயக்கும் பழைய கேம்ஷாஃப்ட் தண்டு விரைவில் தேயும். பழைய வண்டிகளுக்கென விற்கும் ஆயிலை ஊற்ற வேண்டும்.

துல்சாவில் புதைத்த பிளிமத்

மூடி வைத்தால் கெடாது என்ற நம்பிக்கைக்கு ஒரு முழு நகரமே விலை கொடுத்திருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தின் பொன்விழாவையொட்டி, 1957 ஜூன் 15 அன்று, துல்சா நகர மக்கள் ஒரு புத்தம்புதிய பிளிமத் பெல்வெடியரை நீதிமன்ற வளாகத்தின் முன் கான்கிரீட் பெட்டகத்தில் இறக்கிப் புதைத்தார்கள். 2007-இல் துல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி ஒன்று வைத்தார்கள். மிக அருகில் சொன்னவருக்கு அல்லது அவர் வாரிசுகளுக்கு வண்டி. எதிர்காலத்தில் பெட்ரோல் இருக்குமோ என்னவோ என்று சில காலன் பெட்ரோலும் உடன் வைத்தார்கள். அணுகுண்டுத் தாக்குதலையே தாங்கும் பெட்டகம் என்று பேசினார்கள்.

2007 ஜூனில் திறந்தபோது உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. வண்டியைப் பாதுகாக்கச் சுற்றிய உறையே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. பொன்னிறமும் வெள்ளையுமாய் இறங்கிய வண்டி, சேறும் துருவும் பூசிய பழுப்பு உருவமாக மேலே வந்தது. இருக்கைகள் மட்கிவிட்டன, பின்புற ஸ்பிரிங்குகள் சுமையைத் தாங்க முடியாமல் நொறுங்கின. பக்கத்திலேயே புதைக்கப்பட்ட, முழுவதும் வெல்டு வைத்து மூடிய எஃகுப் பேழையில் இருந்த கொடியும் காகிதங்களும் நல்ல நிலையில் இருந்தன. பரிசு வென்றவர் அப்போது உயிருடன் இல்லை. வாரிசுகளிடம் போன வண்டி, பல ஆண்டுத் துப்புரவுக்குப் பின் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ராஸ்கோவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

வண்டியைக் கெடுப்பது வயதல்ல, அடைபட்ட ஈரம். காற்றோட்டமுள்ள உலர்ந்த இடம், ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடு, எஞ்சினும் ஆயிலும் நன்றாகச் சூடாகும் அளவுக்கு அவ்வப்போது ஓர் ஓட்டம். சூடேறாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது தீங்கே செய்யும். எரிவதால் உண்டாகும் நீராவி சைலென்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும்.

காத்தல், புதுப்பித்தல், மாற்றுதல்

இந்த மூன்றையும் செய்தித்தாள்கள் ஒன்றாகவே எழுதுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

காத்தல் என்பது இருப்பதை இருக்கும் நிலையிலேயே, மேலும் கெடாமல் நிறுத்துவது. புதுப்பித்தல் என்பது வண்டியைப் பிரித்து, பழைய பெயின்ட்டை உரித்து, ஆலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்துக்குக் கொண்டுபோக முயல்வது. மாற்றுதல் என்பது வெளித்தோற்றம் பழையதாக இருக்க, உள்ளே புது எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏசி என்று இன்றைய பயன்பாட்டுக்கு ஏற்பத் திருத்துவது.

பெரும்பாலோர் புதுப்பித்தலையே உயர்ந்ததாக மதித்தார்கள். ஆனால் ஆலையில் கைபடாமல் வந்த ஒரு வண்டியை அருகில் நின்று பாருங்கள். பெயின்ட் ஆரஞ்சுத் தோல்போல் நுண்ணிய மேடுபள்ளத்துடன் இருக்கும். கதவு இடுக்குகள் ஒரே சீராக இருக்கமாட்டா. எஞ்சின் அறையின் பின்சுவரில் தொழிலாளி மெழுகுக் கோலால் கிறுக்கிய எண் இருக்கும். வேறு இடத்துக்கு அடித்த பெயின்ட்டின் சிதறல் சேசிஸில் படிந்திருக்கும். டெட்ராய்ட் ஆலை எந்த வேகத்தில் ஓடியது, எந்த வரிசையில் வேலை நடந்தது என்பதற்குச் சான்றுகள் இவை. மணல் வீசி உரித்து, கண்ணாடிபோல் பெயின்ட் அடித்ததும் அத்தனையும் போய்விடும். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடத்தி நம் கோயில் சுவர்களின் கல்வெட்டுகளைத் தேய்த்தழித்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வண்டி புதிதைவிடப் புதிதாக மின்னும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல அதனிடம் எதுவும் இருக்காது.

பழைய வண்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்ற டூரின் சாசனம் இந்தச் சிந்தனைக்கு வரிவடிவம் கொடுத்தது. தொல்கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றிய அது, தேவையான அளவு மட்டும் கைவைக்க வேண்டும், மாற்றிய உறுப்பு எது என்று அடையாளம் தெரிய வேண்டும், செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. 1935-இல் தொடங்கிய அமெரிக்கத் தொன்மை வாகனச் சங்கமும் தன் போட்டிகளில் மூல அம்சங்களைக் காத்த வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

பியர்ஸ் ஏலத்தில் நசுங்கிய கேமியோவுக்குக் கொடுத்த விலை இப்போது புரியும். புதுப்பித்த கேமியோவைப் பணம் இருந்தால் எத்தனை முறையும் உண்டாக்கலாம். 1958-இல் ஆலையிலிருந்து வந்த பெயின்ட்டும் தையலும் டயரும் மாறாத கேமியோவை யாராலும் உண்டாக்க முடியாது.

என் கருத்தில் வரிசை இப்படி இருக்க வேண்டும். மூலப் பெயின்ட் பாதிக்கு மேல் நிற்கும் வண்டியில் கைவைக்கக் கூடாது. பிரேக், எரிபொருள் குழாய், மின்கம்பி ஆகிய உயிர்க் காப்பு உறுப்புகளை மட்டும் மாற்றிப் பழையவற்றைப் பெட்டியில் பெயர் எழுதி வைக்க வேண்டும். துருப்பிடித்து உருக்குலைந்த வண்டிகளுக்கே புதுப்பித்தல்.

ஓட்டிக்கொண்டே காத்தவர்கள்

மாற்றுதலைக் கீழானது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கியூபாவில் 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்க வண்டிகளின் வரத்து நின்றது. 1962-இல் முழு வணிகத் தடை வந்தது. 2011 வரை அங்கே தனிமனிதர்கள் தடையின்றி வாங்கி விற்க முடிந்தவை புரட்சிக்கு முந்தைய வண்டிகள் மட்டுமே. அதனால் 1950-களின் செவர்லேயும் பியூக்கும் குடும்பச் சொத்தாயின. பலவற்றில் சோவியத் உறுப்புகளோ ஜப்பானிய டீசல் எஞ்சினோ ஓடுகின்றன. உதிரிபாகம் கிடைக்காதபோது பட்டறையில் கடைந்தெடுத்தார்கள். ஹவானா தெருவில் ஷேர் டாக்சியாக ஓடும் அந்த வண்டியில் மூல உலோகம் குறைவு. ஆனால் அறுபது ஆண்டுப் பொருளாதார முற்றுகையின் வரலாறு அதன் ஒவ்வொரு ஒட்டுவேலையிலும் இருக்கிறது. அதைப் பிரித்து ‘சரியான’ எஞ்சினைப் பொருத்தினால் அந்த வரலாறுதான் அழியும்.

லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வழி அமெரிக்கர்களும் இப்படித்தான். பழைய செவர்லே இம்பாலாக்களைத் தாழ்த்தி, ஹைட்ராலிக் பொருத்தி, பூவேலைப்பாடுகளால் நிரப்பி, தெருவில் மெல்ல ஊர்வலம் போனார்கள். சக்கர விளிம்பைவிட வண்டி தாழக் கூடாது என்று கலிபோர்னியா விதித்த சட்டத்தைச் சமாளிக்கவே, நினைத்தபோது ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் வந்தது. ரோஜாக்கள் தீட்டிய 1964 இம்பாலா ‘ஜிப்சி ரோஸ்’ 2017-இல் அமெரிக்கத் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. மாற்றிய வண்டியும் மூல ஆவணமாகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

‘அந்தக் காலத்து இரும்பு’ பற்றி

பழைய வண்டிகளைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வரும் வாக்கியம், அவை உறுதியானவை, மோதினாலும் ஒன்றும் ஆகாது என்பது. 2009-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் தன் பொன்விழாவுக்காக ஒரு 1959 செவர்லே பெல் ஏரையும் ஒரு 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓரமாக மோதவிட்டது. பெல் ஏரின் பயணிகள் அறை நொறுங்கிச் சுருங்கியது. அதில் ஓட்டுநர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அளவைகள் காட்டின. மாலிபு ஓட்டுநருக்குக் காலில் சிறு காயமே ஏற்பட்டிருக்கும். நல்ல நிலையில் இருந்த ஒரு பெல் ஏரை இப்படி உடைத்தார்களே என்று சேகரிப்பாளர்கள் வருந்தினார்கள், நியாயமான வருத்தம். ஆயினும் அந்தச் சோதனை காத்த உயிர்களும் உண்டு என்று நம்புகிறேன். சீட் பெல்ட் இல்லை, ஸ்டீயரிங் தண்டு மடங்காமல் நெஞ்சை நோக்கி வரும், பிரேக்குக்கு ஒரே ஒரு ஆயில் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் பிடிக்காது. ஓட்ட விரும்புபவர் சீட் பெல்ட்டும் இரட்டைச் சுற்று பிரேக்கும் பொருத்துவதை எந்தத் தூய்மைவாதமும் தடுக்கக் கூடாது.

நினைவு யாருடையது

வால்துடுப்புக் காலத்தை அமெரிக்கர்கள் பலர் பொற்காலமாக நினைவுகூர்கிறார்கள். நாடெங்கும் பெருஞ்சாலைகள் போட 1956-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், திறந்தவெளித் திரையரங்குகள், மலிவான பெட்ரோல் எல்லாம் உண்மை. அதே ஆண்டுகளில், அதே சாலைகளில், கறுப்பின அமெரிக்கர் ஒருவர் புது பியூக்கில் புறப்பட்டால், எந்த விடுதி இடம் தரும், எந்த பங்க் பெட்ரோல் போடும் என்று பார்க்க ஒரு வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரரான விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936-இல் தொடங்கிய அந்த வெளியீடு 1960-களின் நடுப்பகுதிவரை வந்தது. பஸ்ஸில் பின்னிருக்கைக்கு அனுப்பப்பட்டவருக்குச் சொந்தக் கார் என்பது அழகுப்பொருள் அல்ல, அவமதிப்பிலிருந்து கிடைத்த விடுதலை. ஒரு காரைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகம் குரோமைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால், பாதி வண்டியைத்தான் காட்டுகிறது.

ஆகவே வண்டியோடு காகிதமும் காக்கப்பட வேண்டும்: வாங்கிய ரசீது, சர்வீஸ் புத்தகம், யார் எங்கே ஓட்டினார் என்ற குறிப்பு, பின்னணியில் வண்டி தெரியும் குடும்பப் படங்கள். உரிமையாளர் இறந்ததும் வண்டியை விற்கும் வாரிசுகள் முதலில் எறிவது இவற்றைத்தான்.

இனி வரும் நெருக்கடி

உலோகம் கிடைக்கும், பணமும் கிடைக்கும். கிடைக்காமல் போகப்போவது முலாம் போடும் தொட்டியும் தகடு தட்டும் கையும்.

குரோம் முலாமில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகள் தொழிலாளர்களையும் பட்டறையைச் சுற்றி வாழ்பவர்களையும் பாதிக்கின்றன. அவர்களில் பலர் ஏழைகள். கலிபோர்னியா காற்று வாரியம் 2023-இல், அலங்கார முலாமில் இதன் பயன்பாட்டை 2027 முதல் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. மாற்றாக உள்ள மூன்று இணைதிறன் குரோமியத்தின் நிறம் சற்று வேறுபடும். பழைய பம்பருக்குப் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்குத் தெரியும். சேகரிப்பாளர்கள் பலர் இதை எதிர்க்கிறார்கள். பம்பரின் நீலச் சாயலுக்காக இன்னொருவரின் நுரையீரலைக் கேட்க முடியாது என்பதே என் நிலை. மூல முலாம் நிற்கும் அணிகளை உரிக்காமல் விட்டுவைக்க இன்னொரு காரணமாகவே இந்தத் தடையை நான் பார்க்கிறேன்.

தகடு தட்டும் கை விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் மெக்ஃபர்சன் கல்லூரி வாகனப் புதுப்பித்தலில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறது. எஞ்சின், தகட்டு வேலை, பெயின்ட், இருக்கைத் தையல் ஆகியவற்றுடன் ஒரு வண்டியின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தேடி எடுக்கும் முறையும் அங்கே பாடம்.